சொம்பும் சோப்பும்: ஒரு பாடம்



சென்ற இதழைப் படித்த ஒரு சகோதரி எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பழவேற்காடு கிராமப் பணியின் செலவுக் கணக்கில் பிளாஸ்டிக் சொம்பு, திரைத் துணி, பல் துலக்கும் பிரஷ், படம் ஒட்டுகிற அட்டை என்றெல்லாம் காட்டியிருக்கிறீர்களே, ஒரு மருத்துவமனைக்கும் இவைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கணக்குக் கேட்கிற பங்காளர்களுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இந்த மாதப் பாடத்தை அவருக்குப் பதிலாகவே எழுதுகிறோம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இது. 1613ல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் அடையாளத்தையும், அவர்களுடைய கல்லறைகளையும், பூநாரைகளையும் பார்க்க வருகிறவர்கள் மாலையில் மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குப்பங்களுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் ஒன்று தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர் வேண்டுமானால் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இந்தத் தண்ணீர் விஷயம் பின்னால் வரும். அதில்தான் நாங்கள் தவறினோம்.

இக்குப்பங்களில் ஒன்றில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். நாங்கள் முதலில் பார்த்தபோது அவனுக்குப் பதினோரு வயது. பேச்சு இல்லை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் மீன் கூடை சுமக்கிறவர். பையனுக்கு மலம் சிறுநீர் கழிக்கிற பழக்கம் ஒழுங்காக வரவில்லை. குளிக்க வைத்தால் ஊர் கூடும்படி அலறுவான். பள்ளிக்கூடத்து ஆசிரியை நல்லவர், கோபமாய்ச் சொல்லவில்லை. "சுத்தமா இருக்கப் பழகினதும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். அதோடு படிப்பு நின்றது. ஓய்வுநாள் பள்ளியிலும் அதுவே நடந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று சொன்னார்கள். தாய் அவனைப் பின் வாசலில் வைத்துக்கொண்டு ஆராதனை கேட்டாள். பிறகு அவளும் வருவதை விட்டுவிட்டாள்.

நாங்கள் அந்த வீட்டுக்கு முதன்முறை போனபோது செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். பையன்மேல் கைவைத்து ஜெபித்தோம். புறப்படும்போது தாயிடம், "கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்மா. செல்லம் கொடுத்தா இப்படித்தான்" என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவளே சொன்னாள். "ஐயா, இவன் வேணும்னே பண்றான்னு ஊரே சொல்லிச்சி. நீங்களும் சொன்னீங்க. அன்னிக்கி ராத்திரி தூண்ல கட்டி வச்சி அடிச்சேன். அவன் ஏன் அடிக்கிறேன்னே தெரியாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான்." அந்த அடி எங்கள் வார்த்தையினால் விழுந்தது. நாற்பது வருஷ ஊழியத்தில் இப்படிச் சில வார்த்தைகள் உண்டு; திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

கற்றவர்களும் இதே தவற்றைச் செய்தவர்கள்தான். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கன்னர் 1943ல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று பெரிய பெரிய நிபுணர்கள் போதித்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனாகிய பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964ல் ஒரு புத்தகம் எழுதி, இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது, வளர்ப்பினால் வருவதல்ல என்று வாதாடினார். இன்று அதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமில்லை. இது சாபமல்ல, பிசாசின் கட்டுமல்ல, முன்னோர் பாவமும் அல்ல. நம்முடைய சபைகளில் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு திருப்தியில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மதியில் இறுக்கம் ஏதுமில்லை. எனவே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். எங்கள் கிராமக் குழுவில் பயிற்சி அளிக்கும் சகோதரி முதல் இரண்டு வாரம் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பையன் எப்போது சாப்பிடுகிறான், எத்தனை நிமிஷம் கழித்து எங்கே போகிறான், எதைக் கண்டால் காதைப் பொத்துகிறான் என்று. அதற்கும் முன்பாக மருத்துவர் அவனைப் பரிசோதித்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் சாதாரணமாய்க் காணப்படுகிறது. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அடக்கி அடக்கி, கடைசியில் உடுப்பிலேயே கசிந்துவிடும். இவனுக்கும் அதுதான். ஊர் அதைத் திமிர் என்றது. குடல் சுத்தமாக மருந்து கொடுத்து, தண்ணீரும் கீரையும் பழமும் சேர்த்த பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பல் துலக்க மறுக்கிற பிள்ளைக்குச் சொத்தைப் பல் வலி இருக்கலாம். அடிக்கடி நனைக்கிற பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். முதலில் அதைப் பார்க்காமல் பழக்கம் பழக்கம் என்று பேசுவது வீண்.

அடுத்தது, தொடு உணர்வு. நமக்கு மெல்லியதாய்த் தெரிகிற சத்தம் இப்பிள்ளைகளுக்கு இடி முழக்கம். நமக்கு இதமான தண்ணீர் அவர்களுக்கு ஊசி. ஆட்டிசம் உள்ளவராய் வளர்ந்து பேராசிரியரான அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டின், சிறு வயதில் தலைக்குக் குளிப்பாட்டியது தமக்கு மெய்யாகவே வலித்தது என்று எழுதியிருக்கிறார். நம் பையனுக்குத் தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றுவதுதான் பயம். காலிலிருந்து தொடங்கினால் அலறல் இல்லை. பற்பசையின் காரம் அவனுக்கு நெருப்பு. ஆகவே முதல் மாதம் பசையே இல்லை; நனைந்த துணியைத் தாயின் விரலில் சுற்றி முன் பல்லை மட்டும், ஐந்து எண்ணும் வரை. பிறகு வெறும் பிரஷ். அப்புறம் காரமில்லாத பசை, அரிசி மணி அளவு. அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வலை போட்டு வைத்திருந்தார்கள். இருட்டு, பினாயில் வாசனை, கதவை மூடினால் எதிரொலி. அவன் அதற்குள் போகாததில் ஆச்சரியமில்லை. கதவைத் திறந்து வைத்துப் பழைய சேலையைத் திரையாய்க் கட்டினோம். முதல் வாரம் வாசலில் நின்றாலே போதும். அடுத்த வாரம் உள்ளே நின்றான். அதற்கடுத்தது, உடுப்போடு உட்காருவது. சாப்பிட்டவுடன் குடல் தானாய் அசையும். ஆகையால் காலைச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் உட்கார வைத்தோம். இஸ்ரவேலர் பாளயத்துக்குப் புறம்பே எங்கே போக வேண்டும், எப்படி மூட வேண்டும் என்று உபாகமம் 23ம் அதிகாரத்தில் தேவன் கற்பித்திருக்கிறார். கழிப்பிடத்தைப் பற்றிப் பேசுவது பரிசுத்தத்துக்குக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அதை ஒரு முறை வாசிக்கட்டும்.

யோவான் 13ம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார். பேதுரு முதலில் மறுத்து, பிறகு கையையும் தலையையும் கூடக் கழுவும்படி கேட்டார். 10ம் வசனத்தின் கிரேக்க மூலத்தில் இரண்டு வெவ்வேறு வினைச்சொற்கள் இருக்கின்றன. 'லூவோ' என்றால் முழு உடம்பையும் குளிப்பது. 'நிப்டோ' என்றால் கை, கால், முகம் என்று ஒரு பாகத்தைக் கழுவுவது. இறையியல் கல்லூரியில் இந்த வித்தியாசத்தைப் படித்துப் பரீட்சை எழுதினோம். அதன் பிரயோஜனம் குப்பத்தில்தான் விளங்கிற்று. பேதுரு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டார். ஆண்டவர் அன்றைக்குத் தேவையான பாகத்தை மட்டும் கையிலெடுத்தார். நாமும் பிள்ளையிடம் "குளி" என்கிறோம். அது ஒரு வேலையல்ல. எங்கள் சகோதரி எழுதிப் பார்த்தபோது இருபத்திரண்டு படிகள் வந்தன: சட்டையைக் கழற்று, கொடியில் போடு, சொம்பை எடு, குடத்தில் முக்கு, இடது காலில் ஊற்று... இப்படி. ஒவ்வொரு படியும் தனித்தனியே கற்க வேண்டியது.

அதிலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. இருபத்தொரு படியைத் தாத்தா செய்துவிடுவார். துண்டைக் கொடியில் போடுகிற கடைசிப் படியை மட்டும் பையன் செய்வான். வேலை முடிந்த சந்தோஷமும் பரிசும் அவனுக்குக் கிடைக்கும். அது உறுதியானதும் கடைசி இரண்டு படிகள். பரிசு என்றால் மிட்டாய் அல்ல. வலையில் கட்டுகிற தக்கையைச் சுழற்றி விளையாடுவது அவனுக்கு உயிர், அதுதான். இந்த முறையை நாங்கள் விளக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது தாத்தா சிரித்தார். "வலை கட்ட நான் எப்படி ஐயா கத்துக்கிட்டேன்? எங்கப்பா பூராவும் முடிஞ்சிட்டு கடைசி முடிச்ச எங்கையில குடுப்பாரு." அன்று முதல் அவரே எங்களுடைய பயிற்சியாளர். தகப்பன் பாதி நாள் கடலில். பன்னிரண்டு வயதை எட்டுகிற மகனைத் தாய் பொதுக் குழாயடியில் குளிப்பாட்டுவது இருவருக்குமே கூச்சம். தாத்தா வந்தது அதற்கும் வழி செய்தது.

பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்விக்கும்போது ஓசியா 11ம் அதிகாரம் 3ம் வசனத்தை நினைத்துக்கொள்வோம். எப்பிராயீமுக்கு நடை பழக்கின தேவன் அங்கே ஒரு தகப்பனைப் போலவே பேசுகிறார். நடை பழக்குகிறவர் பிடித்த கையை எப்போது தளர்த்துவது என்றும் அறிந்திருக்க வேண்டும். முதலில் கைமேல் கை. பிறகு மணிக்கட்டில் மட்டும். அப்புறம் முழங்கையைத் தொட்டால் போதும். பின்பு விரலால் சுட்டிக் காட்டுவது. கடைசியில் நாம் இரண்டடி தள்ளி நின்று வேறு பக்கம் பார்ப்பது. இந்தக் கடைசிப் பாகம் தாய்மாருக்கு மிகக் கடினம், எங்களுக்கும்தான்.

இனி எங்கள் தோல்வி. முதல் ஆறு மாதமும் இந்தப் பயிற்சியை மருத்துவமனையில்தான் நடத்தினோம். வாரம் இருமுறை தாயும் மகனும் பஸ் ஏறி வருவார்கள். வெள்ளை ஓடு பதித்த அறை, குழாய், நல்ல தண்ணீர். பையன் அழகாய்க் கைகழுவக் கற்றான், கால் கழுவக் கற்றான். நாங்கள் புகைப்படம் எடுத்து இதே மடலில் போட்டோம், உங்களில் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். வீட்டிலோ ஒன்றும் இல்லை. அங்கே குழாய் இல்லை, குடமும் சொம்பும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்துவது கடினம். அந்த வெள்ளை ஓடும் அந்தக் குழாயும் சேர்ந்ததுதான் அவனுக்குக் 'கைகழுவுதல்'. அதுமட்டுமல்ல. வீட்டருகே அடி பம்பில் வருவது உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. பிசுபிசுவென்று உடம்பில் ஒட்டும். நுரை வரவில்லை என்று தாய் இன்னும் சோப்புப் போட, அவன் தோல் அரித்து, பழைய அலறல் திரும்பிற்று. "நல்லா சோப்புப் போடுங்கம்மா" என்று அவளுக்குச் சொல்லியனுப்பினதும் நாங்களே. இப்போது உப்புத் தண்ணீரில் முதலில் வெறுமனே தேய்த்துவிட்டு, கடைசி இரண்டு சொம்புக்கு மாத்திரம் நல்ல தண்ணீர். சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்கும் மட்டும். செலவும் குறைந்தது.

அதனால்தான் பிரியமானவர்களே, பயிற்சி அறை ஒன்று கட்டித் தந்து தகப்பனார் பெயரில் கல்வெட்டு வைக்க முன்வந்த ஒரு பங்காளரிடம், தயவுசெய்து அந்தப் பணத்தைக் கிராமத்துக்குப் போய்வரும் செலவுக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவர் மனம் வருந்தினார். மருத்துவமனைகளுக்குக் கட்டிடம் வேண்டும்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957ல் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க ஏற்பாடு செய்தது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் பெற்றோர் பிள்ளையோடு தங்கிக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அது நல்ல முறை. ஆனால் மீன் விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்கிற தாயால் வாரக்கணக்கில் தங்க முடியாது. அவளுடைய குடத்தண்டைக்கு நாம்தான் போக வேண்டும்.

படம் ஒட்டுகிற அட்டை எதற்கு என்றும் அந்தச் சகோதரி கேட்டிருந்தார். அடுத்தது என்ன என்று தெரியாததுதான் இப்பிள்ளைகளின் பெரிய கலக்கம். பேச்சு காற்றோடு போய்விடும், படம் நிற்கும். கழிப்பறை, சொம்பு, பிரஷ், சட்டை, தக்கை என்று வரிசையாய்ப் படங்களைக் கயிற்றில் கோத்து, முடிந்ததைத் திருப்பிப் போடுகிறான். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய ஒழுங்கு உண்டு. ஏரியில் இறால் கிடைக்கிற இடங்களில் இன்றைக்கு யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று முறை வைத்துச் சண்டையின்றி மீன் பிடிப்பார்கள். தாத்தா அந்த அட்டைக் கயிற்றுக்குப் 'பையனோட பாடு' என்று பெயர் வைத்துவிட்டார். அதன்பின் வீட்டில் யாரும் அதைக் கலைப்பதில்லை. முறை தவறக்கூடாது என்பது அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதல்லவே.

பெண்பிள்ளையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இன்னொரு குப்பத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி. அப்போது பத்து வயது. அவள் தாய் எங்கள் மருத்துவரிடம் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: "டாக்டரம்மா, வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே கர்ப்பப்பைய எடுத்துடலாமா?" கொடுமைக்காரி அல்ல, பயந்தவள். இப்படிக் கேட்டவள் இவள் ஒருத்தி மாத்திரமல்ல. 1994ல் புனேயில், ஷிரூர் என்ற இடத்திலிருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்குக் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கில் சுத்தமாய் இருக்கத் தெரியாது என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகே அது நிறுத்தப்பட்டது. ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிற பொறுமை இல்லாமற்போனதால் உடம்பின் ஒரு அங்கத்தையே எடுத்துவிட்டார்கள். அறுவை செய்துவிட்டால் மாதவிலக்கு நிற்கும்; ஆனால் அவளை ஒருவன் தவறாய்த் தொடுவது நிற்காது, நடந்தாலும் வெளியே தெரியாமல் போகும். மருத்துவர் இதை அந்தத் தாய்க்குச் சொன்னார். வேண்டாமென்று சொன்னதோடு எங்கள் பொறுப்பும் தொடங்கிற்று.

இரண்டு வருஷம் முன்னதாகவே ஆரம்பித்தோம். எங்கள் சகோதரிகள் மட்டும். இந்த வேலையில் ஆண்களுக்கு இடமில்லை. மாதத்தில் சில நாள் வெறும் துணிப் பட்டையை உள்ளாடையில் வைத்துப் பழக்கினார்கள், அந்த உணர்வு புதிதாயிராதபடி. பிறகு சிவப்புச் சாயத் தண்ணீர் சொட்டிய பட்டையை எடுத்து, காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள வாளியில் போட்டு, கைகழுவுகிற வரிசை. தாய் தன் கூச்சத்தை விட்டு மகளுக்குத் தானே செய்து காட்டினாள். வயதுக்கு வந்தவளைத் தனியே ஓலை மறைப்பில் வைத்து, தட்டையும் பாயையும் மாற்றுகிற வழக்கம் அங்கே உண்டு. ஒரே நாளில் எல்லாம் மாறினால் இந்தப் பிள்ளை தாங்காது என்று பாட்டியிடம் பேசினோம். பாட்டி இடத்தை மாற்றினாள், தட்டை மாற்றவில்லை. அதுவே பெரிய தயவு. எங்கே உடுப்பைக் கழற்றலாம், எங்கே கூடாது, யார் தொடலாம் என்பதும் இந்தப் பாடத்திலேயே வரும். எல்லாவற்றுக்கும் உடன்படக் கற்றுக்கொடுத்துவிட்டு, மறுக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் நாமே அவளை ஆபத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்களாவோம். ஆகவே உள்ளங்கையை நீட்டி "வேணாம்" என்று காட்டுவதையும் பழக்கினார்கள். முதலில் அதை அவள் எங்கள் சகோதரிகளிடமே காட்டினாள். அவர்கள் அப்படியே கையை எடுத்துக்கொண்டார்கள். மாற்கு 7:33ல் ஆண்டவர் செவிடனைக் கூட்டத்தைவிட்டு ஒதுக்கமாய் அழைத்துச் சென்றதை வியாக்கியானக்காரர் பலவிதமாய் விளக்குகிறார்கள். அவனுக்கு ஒரு மறைப்பு தேவையென்று அவர் கண்டார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. திரைத் துணிக்குச் செலவழித்தது அதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீரின்மேல் ஈர்ப்பு அதிகம். கண் தப்பி ஓடித் தண்ணீரில் மூழ்குவது இவர்களுக்கு நேரிடும் மரணங்களில் முக்கியமானது. சிலருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கும். ஆகையால் ஏரியில் இறக்கிக் குளிப்பாட்ட வேண்டாம், குடத்தண்டையிலேயே குளிப்பாட்டுங்கள் என்கிறோம். "மீன்காரன் புள்ள ஏரிக்குப் போகாம?" என்று ஊரார் நகைத்தார்கள். நீச்சல் தெரிந்த சித்தப்பா ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் ஓர் இயலாமையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டை வாங்க இரண்டு குடும்பங்களுக்கும் உதவினோம். அட்டையோடு போய்ப் பேசியபின் பையனைப் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் உட்கார வைக்கிறார்கள். இப்போது அவனுக்கு வயது பதினான்கு. கழிப்பறைக்குத் தானே போகிறான். கழுவுவதற்கு இன்னும் தாத்தாவின் குரல் வேண்டும். பல் துலக்குதல் முன் பல்லோடு நிற்கிறது. சென்ற மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பள்ளிக் கட்டிடத்தில் தங்கியபோது ஐந்து வாரப் பழக்கம் கலைந்துபோய் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அந்தச் சிறுமி இப்போது வயதுக்கு வந்துவிட்டாள். நான்கு மாதத்தில் மூன்று மாதம் தானே பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள்.

சபையில் பின் வாசலில் உட்கார்ந்திருந்த தாயிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க ஐயா" என்றாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மகனோடு வந்தாள், மூன்றாம் வரிசையில். நடுவில் அவன் எழுந்து சத்தமிட்டான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை தன் கைப்பையிலிருந்து ஒரு வலைத் தக்கையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நாங்கள் கேட்கவில்லை.

இனி அனுப்ப விரும்புகிறவர்களுக்கு: வாசனை சோப்பு வேண்டாம், வாசனையே இல்லாத சாதா சோப்பு போதும். மூடியுள்ள வாளிகள் ஏழு தேவை. பிரஷ் மிருதுவானதாயிருக்கட்டும். புதுச் சேலைகளைவிடப் பழைய பருத்திச் சேலைகளே திரைக்கு நல்லது. பஸ்ஸுக்கும் படகுக்கும் ஆகிற செலவுக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் உறையின்மேல் 'குடத்தண்டை' என்று எழுதினால் கணக்குப் பிள்ளைக்கு விளங்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்